மூக்கனின் வலப்பக்கம்

போனில் செய்தி வந்தபோது பல்செட்டுக்காரர் யாரோ ஒரு வங்கி மேலாளரின் கடைவாய்ப்பல்லை மெழுகில் செதுக்கிக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்தார். கத்தியைக் கீழே வைத்தார். மறுபடியும் படித்தார். அப்புறம் லேபில் வேறு ஆள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பிளாஸ்டர் தூசி படிந்த மேலங்கியோடு மேஜையை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் முழங்கால் எந்த அளவுக்கு அனுமதிக்குமோ அந்த அளவுக்கு அது துள்ளல்தான். வங்கி மேலாளரின் பல்லில் இன்றைக்கும் ஒரு பள்ளம் கூடுதலாக இருக்கிறது. காரணம் அவருக்குத் தெரியாது.

செய்தியை அனுப்பியவர் மாடல் ரயில் சங்கத்தின் செயலாளரான டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். 'மாடல் செய்யற கம்பெனியோட குலுக்கல்ல நம்ம சங்கத்துக்கு விழுந்திருக்கு. நாம எந்த எஞ்சினைச் சொல்றோமோ அதோட மாடலை அடுத்த வருஷம் செஞ்சு விக்கப் போறாங்க. ஒரே ஒரு எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை அவசர ஆசைக் கூட்டம். தவறாமல் வரவும்.'

தவறாமல் என்ற சொல் வீண். அந்தப் பத்தொன்பது உறுப்பினர்களும் கால் உடைந்திருந்தால் தவழ்ந்தாவது வந்திருப்பார்கள்.

ஆசைக் கூட்டம் என்பது என்னவென்று சொல்லிவிட வேண்டும். கடையில் கிடைக்கிற மாடல் எஞ்சினை வாங்கி ஓடவிடுவது சாதாரண மனிதர்களின் வேலை. இன்னும் யாரும் செய்யாத மாடலுக்காக ஏங்குவதுதான் பெரிய மனிதர்களின் வேலை என்பது சங்கத்தின் எழுதப்படாத சட்டம். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் எழுந்து நின்று தனக்கு வேண்டிய எஞ்சினைச் சொல்லி ஏங்க வேண்டும். செயலாளர் அந்த ஏக்கத்தைப் பதிவேட்டில் எழுதுவார். நிஜத்தில் ஐந்நூறு ஓடிய எஞ்சினைக் கேட்பவரை, விருந்துக்கு வந்து தண்ணீர் மட்டும் கேட்டவரைப் போலப் பார்ப்பார்கள். பத்து ஓடியதைக் கேட்டால் மரியாதை. ஒன்றே ஒன்று ஓடியதென்றால் டீயோடு பிஸ்கட்டும் வரும். மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கேட்கும் எஞ்சின் காகிதத்திலேயே நின்றுபோனது, செய்யப்படவே இல்லை. அவர் பேசும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஏங்குவதற்கும் விதி உண்டு. விதி ஏழு: எஞ்சினின் இரண்டு பக்கமும் எப்படியிருந்தது என்று ஆதாரம் காட்டாத ஆசை, ஆசையாகக் கொள்ளப்படாது.

இந்த ஏழாவது விதியில்தான் பல்செட்டுக்காரர் பத்தொன்பது வருடமாக முட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஆசை மூக்கன். அது ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலேயே சோதனைக்காகச் செய்த டீசல் எஞ்சின். உலகத்திலேயே ஒன்றுதான். முன்பக்கம் நீண்டு, புடைத்து, பல்வலியால் வீங்கிய முகத்தைப் போல இருக்கும். நாற்பத்தொரு நாள் ஓடியது. நாற்பத்தோராவது நாள் ஒரு வளைவான பிளாட்பாரத்தில் மூக்கு உரசி, கல்லைப் பெயர்த்து, நிலைய அதிகாரியின் நாற்காலியையும் கவிழ்த்துவிட்டு நின்றது. அதற்கப்புறம் ஒதுக்கி, உடைத்து, எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம். மந்திரி கத்தரிக்கோலோடு நிற்கிறார், பின்னால் மூக்கன் நிற்கிறது. அதில் தெரிவது இடப்பக்கம். வலப்பக்கம் எப்படியிருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

பழைய பத்திரிகை ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்த நிமிடமே பல்செட்டுக்காரர் விழுந்துவிட்டார். தினமும் எத்தனையோ வீங்கிய தாடைகளின் அச்சுகளைப் பார்க்கிறவர். இப்படி வெட்கமே இல்லாமல், வீங்கிய மூக்கோடு, மந்திரிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற ஒன்றை அவர் பார்த்ததில்லை. வருடாவருடம் எழுந்து மூக்கனைக் கேட்பார். வருடாவருடம் தலைவர் கையை உயர்த்தி, "விதி ஏழு" என்பார். செயலாளர் பேனாவை மூடுவார்.

தலைவர் என்றால் வெறும் தலைவர் இல்லை. நிறுவனர், ஆயுட்காலத் தலைவர், மூத்த ஆராய்ச்சியாளர். மூன்றும் அவர் சட்டைப்பையில் குத்தியிருக்கும் பட்டையில் இருக்கும். ஏதோ ஒரு அலுவலகத்தில் எழுதுபொருள் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் டீ கேட்பதைக்கூட மேடைத் தமிழில்தான் கேட்பார் என்று சொல்வார்கள். அவர் ஆசைப்படுவது அரச குடும்பத்துக்காக ஓடிய நீல எக்ஸ்பிரஸ் எஞ்சின். அதன் மாடலை மூன்று கம்பெனிகள் ஏற்கெனவே செய்துவிட்டன. மூன்றையும் அவர் வைத்திருக்கிறார். மூன்றிலும் கதவுப்பிடியின் வளைவு தவறாம்.

மூக்கனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவைப்பார்: "இச்சங்கத்தில் அந்த எஞ்சினைக் கண்ணால் கண்டவன் நான் ஒருவனே." பத்து வயதில், தொடக்க விழாவில், அருகிலேயே நின்று பார்த்தாராம். வலப்பக்கம் எப்படியிருந்தது என்று கேட்டால், "அதைச் சொல்லும் காலம் வரும்" என்பார். பத்தொன்பது வருடத்தில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

சங்கத்து அறையில் உட்கார இடமில்லை. நடுவில் ஊர், ஆறு, மலை, சுரங்கம் என்று பரப்பி வைத்த பெரிய மேஜை. சுற்றிலும் அதை இடிக்காமல் நிற்கப் பழகிய தொப்பைகள். செயலாளர் கம்பெனிக் கடிதத்தைப் படித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் பல்செட்டுக்காரரின் காது தானாக நிமிர்ந்தது. 'வரைபடம் கிடைக்காத அரிய எஞ்சினாக இருந்தால், அதை நேரில் பார்த்த ஒருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் போதும். அவர் பெயர் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிடப்படும்.'

தலைவர் அப்போதுதான் நீல எக்ஸ்பிரஸைப் பற்றி முன்னுரை வழங்க எழுந்துகொண்டிருந்தார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

"கடைசி வரியை மீண்டும் வாசியுங்கள்."

செயலாளர் வாசித்தார்.

"ஒவ்வொரு பெட்டியிலுமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு தலைவரே."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீல எக்ஸ்பிரஸைப் பார்த்தவர்கள் நாட்டில் லட்சம் பேர் இருப்பார்கள். மூக்கனைப் பார்த்தவர் ஒருவர்தான். இந்தக் கணக்குக்குப் பேனா தேவையில்லை.

"நண்பர்களே," என்றார் தலைவர். "நம் பல்செட்டு நண்பரின் நெடுநாள் ஏக்கத்தை நான் இதுகாறும் தடுத்தேன் எனச் சிலர் எண்ணக்கூடும். தடுக்கவில்லை. பழுக்க வைத்தேன்."

பல்செட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கத்தைச் சொல்லத் தொடங்கினார். மூன்று வட்ட ஜன்னல்கள். அவற்றைச் சுற்றிப் பித்தளை வளையங்கள். நீளவாக்கில் இரட்டைத் தங்கக் கோடு. நடுவே சிறகு வைத்த சிங்கம். சொல்லச் சொல்லச் செயலாளரின் பேனா பறந்தது. சிங்கத்தின் வாலில் குஞ்சம் இருந்ததா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். தலைவர் சற்று யோசித்து, "இருந்தது" என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பல்செட்டுக்காரர் எல்லோருக்கும் கை கொடுத்தார். கடைசியில், மடக்கிச் சாய்த்து வைத்த நாற்காலி ஒன்றுக்கும் கொடுக்கப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் லேபிலிருந்து கொண்டுவந்த மெழுகுக் கட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து மூக்கனைச் செதுக்க உட்கார்ந்தார். நிஜத்தின் எண்பத்தேழில் ஒரு பங்கு. பத்தொன்பது வருடம் பார்த்த இடப்பக்கம், கை தானாகச் செய்தது: மூக்கு, கதவு, ஐந்து காற்றுச் சல்லடைகள். மனைவி காய்கறிப் பையை வைக்க இடம் தேடினாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மூஞ்சியில இவ்வளவு வெளிச்சம் இல்ல."

"அன்னிக்கு உன்னை இரண்டு பக்கமும் பாத்திருந்தேன். இதுக்கு இன்னிக்குத்தான் மறுபக்கமே தெரியுது."

பையால் தலையில் ஒரு தட்டு விழுந்தது. அவர் மெழுகைத் திருப்பி வலப்பக்கத்தைத் தொடங்கினார். முதல் வட்ட ஜன்னலைத் தோண்டினார். இரண்டாவதைத் தோண்டும்போது கை நின்றது.

அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாயில் வலப்பக்கப் பல் போய்விட்டால் இடப்பக்கப் பல்லைப் பார்த்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செய்வார்கள். எஞ்சினுக்கு அது செல்லாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆனால் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பல்லைச் செய்தாலும் அதற்குப் பின்னால் நாக்கு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மூக்கனுக்குள்ளே அந்த இடத்தில் என்ன இருக்கிறது? இடப்பக்கத்துச் சல்லடை ஐந்துக்கும் பின்னால், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, டீசல் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது.

"அப்போ இந்த ஜன்னல் வழியா யாரு வேடிக்கை பாக்கறது?" என்று வாய்விட்டே கேட்டார்.

"எந்த ஜன்னல்?"

சொன்னார். மனைவி வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டாள். "உங்க தலைவர் அதைப் பாக்கவே இல்ல. அண்டப்புளுகு."

"அப்படிச் சொல்லாதே. மூத்த ஆராய்ச்சியாளர்."

"மூத்த புளுகர். சரி, வேற யாரும் பாத்ததில்லையா? அதைச் செஞ்ச ஒர்க்‌ஷாப்காரங்க?"

"அறுபது வருஷம் ஆச்சு. எங்க போய்த் தேடறது? பத்திரிகைக்கு எழுதினேன், ரயில்வேக்கு எழுதினேன், அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். இரண்டு தடவை ரேடியோவுலகூடக் கேட்டுப் பாத்தேன்."

மனைவி கத்தியை வைத்தாள்.

"நான் எங்க வேலை பாக்கறேன்?"

"ஓய்வூதிய ஆபீஸ்ல."

"எந்தக் கவுன்ட்டர்?"

"நாலோ ஆறோ."

"நாலு. பதினாலு வருஷமா நாலு. அந்த வரிசையில மாசாமாசம் முதல் வாரம் யாரு நிக்கறாங்கன்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா? ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ரிட்டயர் ஆனவங்க. நீங்க ரேடியோவுல கேட்டீங்களாம்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று கேள்விப்பட்டிருப்போம். வெண்ணெயோடு இருபத்தைந்து வருடம் குடித்தனமும் நடத்திவிட்டு அலைந்தவர் இவர்தான்.

முதல் வாரம் வருவதற்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில் அவர் செய்த பற்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. ஐந்தாம் நாள் காலையில் மனைவிக்கு முன்னாலேயே அலுவலக வாசலில் நின்றார். வரிசை நீளமாக இருந்தது. மனைவி உள்ளே போய், நாற்காலியைச் சரிசெய்து, கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகப் பொதுவாகக் கேட்டாள்:

"மூக்கன்னு ஒரு எஞ்சின். நம்ம ஒர்க்‌ஷாப்ல செஞ்சது. யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

வரிசையில் ஏழாவதாகச் சுவரில் சாய்ந்து நின்ற அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். எண்பதை நெருங்கிய வயது. மெலிந்த உடம்பு, ஆண்கள் போடும் தோல் செருப்பு. சிரிப்பு நிற்கவில்லை. முன்னால் நின்றவர் அவருக்கு வழி விட்டார்.

"அதுக்கு ஞாபகம் வேற வேணுமா? பெயின்ட் அடிச்சவளே நான்தானே. பாதி அடிச்சவ."

பல்செட்டுக்காரர் அவர் அருகே ஓடினார். "பாதின்னா?"

"இடப்பக்கம் மட்டும், தம்பி. வெள்ளிக்கிழமை மந்திரி வர்றார். புதன்கிழமை பெயின்ட் தீந்துபோச்சு. ஸ்டோர்ல எழுதிக் கேட்டா, அதுக்கு மூணு கையெழுத்து வேணும், ஒருத்தர் லீவு. மேஸ்திரி பாத்தாரு. மந்திரி நிக்கப்போறது எந்தப் பக்கம்? இடப்பக்கம். போட்டோ எடுக்கறது? இடப்பக்கம். அந்தப் பக்கம் யாரு போகப்போறா, முள்ளுச்செடிதானே இருக்குன்னுட்டாரு. வலப்பக்கம் வெறும் பிரைமர். செங்காவி. அதுலயும் தகடு பத்தாம ஒரு இடத்துல பழைய தண்ணித் தொட்டித் தகட்டை வெச்சு ரிவிட் அடிச்சிருந்தாங்க."

"அப்புறம் அடிக்கலையா?"

"அப்புறம் அப்புறம்னாங்க. அது ஓடினது ஒரே லைன்ல, ஒர்க்‌ஷாப்புக்கும் கல்குவாரிக்கும். போறப்ப முன்னால, வர்றப்ப பின்னால. மூக்கு நீளம், எஞ்சினைத் திருப்பற சுழல்மேடை பத்தல. அதனால எப்பவும் இடப்பக்கம் பிளாட்பாரத்தைப் பாத்துச்சு, வலப்பக்கம் மலையைப் பாத்துச்சு. மலை வந்து புகார் கொடுக்குமா?"

வரிசை முழுவதும் சிரித்தது. பல்செட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றான எஞ்சின். அதிலும் பாதி வர்ணம், பாதி காவி, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மருந்துக்கடைக்காரரின் காகித எஞ்சினெல்லாம் இதன் முன் கைகட்டி நிற்க வேண்டும். இவ்வளவு அரிதான ஒன்றுக்கு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் பத்தொன்பது வருடம் ஆசைப்பட்டிருக்கிறோமே என்று நினைக்கையில் அவருக்கு அழுகையும் ஆட்டமும் ஒன்றாக வந்தன.

"அம்மா, இதுக்கு ஆதாரம் ஏதாச்சும்..."

"எஞ்சினைப் படம் எடுக்கற அளவுக்கு நான் பெரிய ஆளா? நாங்க அஞ்சு பொம்பளைங்க மத்தியானம் சாப்பிடறதை யாரோ எடுத்தாங்க. நிழலுக்காக எதுமேலயோ சாஞ்சிருப்போம். அது அதுதான்."

அன்று மாலையே அந்தப் படம் அவர் கைக்கு வந்தது. ஐந்து இளம்பெண்கள், டிபன் பாத்திரங்கள். பின்னால் கறுப்பு வெள்ளையில் ஒரே மங்கல் நிறத்தில் மூக்கனின் வலப்பக்கம், மூக்கு முதல் வால் வரை. ஜன்னல் இல்லை. சிங்கம் இல்லை. நடுவில், தலைகீழாக, 'குடிநீர்'.

பத்து நிமிடம் ஆனந்தமாக இருந்தார். பதினோராவது நிமிடத்தில் மனைவி கேட்டாள்: "இதைக் காட்டினா கம்பெனி செய்யுமா?"

அதுதான் இடித்தது. தங்கக் கோடும் சிங்கமும் போட்ட மூக்கனுக்குத் தீர்மானம் போயாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் மூக்கன் கையில் வந்து உட்காரும், முகத்தின் ஒரு பக்கம் பொய்யோடு. வாயைத் திறந்தால், பாதி வர்ணம் பூசாத எஞ்சினை எந்தக் கம்பெனி செய்யும்? தலைவர் நீல எக்ஸ்பிரஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பத்தொன்பது வருட ஆசை, கிடைத்த இடத்திலேயே கையைவிட்டுப் போகும்.

"நீ என்ன சொல்ற?"

"ஆடாத பல்லைக் கட்டித் தர்றதுதானே உங்க வேலை," என்றாள் மனைவி. "எனக்கென்ன தெரியும்?"

மாதிரியைக் காட்டிக் கையெழுத்து வாங்கக் கம்பெனிக்காரப் பெண் வந்த நாளில் தலைவர் கோட்டு போட்டிருந்தார். வாசலில் வரவேற்புப் பதாகை. அதில் தலைவரின் படம் பெரியது, கம்பெனியின் பெயர் சிறியது. வந்தவளோ முப்பது வயதில், ஓட்டப்பந்தயக் காலணி போட்டு, முதுகுப்பையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தலைவர் ரயில் தோன்றிய வரலாற்றை நிலக்கரியிலிருந்து தொடங்கினார். டீசல் வருவதற்குள் அவள் கணினியைத் திறந்துவிட்டாள்.

"சார், ஒரு மாதிரி வரைஞ்சு கொண்டுவந்திருக்கேன். பாத்துடலாமா?"

திரையில் மூக்கன் சுழன்றது. பல்செட்டுக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த மூக்கு. அந்தக் கதவு. ஐந்து சல்லடைகள், கம்பி கம்பியாக. பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். எஞ்சின் மெதுவாகத் திரும்பி வலப்பக்கம் வந்தது. தங்கக் கோடு மின்னியது. சிங்கம் சிறகை விரித்தது. வாலில் குஞ்சம். கைதட்டல் எழுந்தது.

"எல்லாருக்கும் சம்மதம்னா இன்னிக்கே கையெழுத்து போட்டுடலாம்," என்றாள் அவள்.

பின்வரிசையில் மனைவியும் பெயின்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி இவரைப் பார்க்கவில்லை. பல்செட்டுக்காரரின் கை சட்டைப்பைக்குள் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. திரையில் எஞ்சின் இன்னொரு சுற்று சுற்றி வந்தது. இடப்பக்கம் வந்தபோது வாயை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. வலப்பக்கம் வந்தபோது, அந்த மூன்று வட்ட ஜன்னலும் தான் செய்த கூடுதல் பள்ளம் போல உறுத்தின.

"ஒரு நிமிஷம்மா," என்று படத்தை மேஜைமேல் வைத்தார். "வலப்பக்கம் இப்படித்தான் இருந்திருக்கு."

சுரங்கத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு குட்டி ரயிலை யாரோ நிறுத்தினார்கள். பெயின்டரம்மா எழுந்து, வரிசையில் சொன்னதை இங்கேயும் சொன்னார்: புதன்கிழமை, பெயின்ட், மேஸ்திரி, தண்ணீர்த் தொட்டி, மலை.

தலைவர் படத்தைக் கையில் எடுக்காமலே பார்த்தார். "இந்த அம்மையார் கூறுவது வேறோர் எஞ்சினாக இருக்கலாம். நான் தொடக்க விழாவில், மிக அருகில்..."

"விழாவுக்கு நீங்க வந்திருந்தீங்களா?" என்றார் பெயின்டரம்மா. "சின்னப் பசங்க யாரையும் உள்ள விடலியே. பெயின்ட் காயலன்னு வாசக்கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். மந்திரி முதுகுல ஒட்டிக்கிச்சுன்னா என் வேலை போயிடும்."

யாரும் தலைவரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க எல்லோருக்கும் மேஜைமேல் ஒரு மலை தேவைப்பட்டது, நல்லவேளையாக இருந்தது.

பல்செட்டுக்காரர் தலைவரைப் பற்றி நினைக்கவில்லை. அவர் கண் கம்பெனிக்காரப் பெண்மேல் இருந்தது. அவள் படத்தை எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்போ இந்தப் பக்கம் ஒரே கலர்? கோடு, சின்னம் எதுவும் இல்லை? ஒட்டுப் போட்ட தகடு, அதுல தலைகீழா எழுத்து?"

"ஆமாம்மா. வேண்டாம்னா..." என்று படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். பத்தொன்பது வருட ஆசை அந்த ஜன்னலோரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. திரும்பி வந்தாள்.

"செய்யறோம். இப்படியே. எங்க விற்பனை ஆள் துள்ளறார்."

"உண்மைக்கு அவ்வளவு மதிப்பா?" என்றார் மருந்துக்கடைக்காரர், நெகிழ்ந்து.

"இல்ல சார். இரண்டு பக்கமும் வேற வேற எஞ்சின் மாதிரி இருக்கு. அலமாரியில ஒரு பக்கம்தானே தெரியும்? இந்த மாதிரி ஆளுங்க ஒண்ணு வாங்க மாட்டாங்க, இரண்டு வாங்குவாங்கன்றார்."

சங்கம் முழுவதும் இந்தச் சொல்லால் புண்பட்டது. அப்புறம் ஒவ்வொருவராக, வீட்டு அலமாரியில் இரண்டுக்கு இடமிருக்கிறதா என்று மனதுக்குள் அளக்கத் தொடங்கினார்கள். பல்செட்டுக்காரர் அளக்கவில்லை. அவர் இரண்டு கையாலும் கம்பெனிக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவள் இன்னொரு கையால் கணினியை மூட வேண்டியிருந்தது.

"சாட்சியா உங்க பேரைப் பெட்டியில போடலாமாம்மா?" என்று பெயின்டரம்மாவிடம் கேட்டாள்.

"ஐயய்யோ. பாதி வேலை பாத்தவன்னு அச்சடிச்சு ஊரெல்லாம் விப்பீங்களா? ஓய்வூதியத்துல கை வெச்சுட்டா?"

"வெக்க மாட்டாங்க," என்றாள் மனைவி. "கவுன்ட்டர் நாலு சொல்றேன். தைரியமா போடுங்க."

பெயின்டரம்மா கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் கம்பெனிக்காரப் பெண் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "ஒண்ணு பாக்கி. இப்போ வர்ற மாடல்ல ஒலியும் உண்டு. ஹாரன் எப்படி இருந்தது?"

பெயின்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "ஒர்க்‌ஷாப்ல சுத்தியல் சத்தத்துல யாருக்கு என்ன கேட்டுச்சு? நாங்க காதுல பஞ்சு வெச்சிருப்போம். அப்பப்ப லேசா கேட்கும். சரியா அடிச்சுக் காட்டினா சொல்லிடுவேன்."

"வேற யாராவது?"

ஹாரன் இல்லாத மூக்கன் ஊமை மூக்கன்.

"எனக்குத் தெரியும்," என்றது ஒரு குரல்.

மேடைத் தமிழ் இல்லாததால் அது தலைவரின் குரல் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"நான் பாக்கல," என்றார் தலைவர், கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே. "உள்ள விடல. மதில் ரொம்ப உயரம். வெளியில நின்னுக்கிட்டிருந்தேன். ஆனா ஹாரனைக் கேட்டேன். மூணு தடவை. இன்னிக்கும் காதுல இருக்கு."

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பல்செட்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது. அவர் நாற்காலியை இழுத்துத் தலைவருக்கு எதிரில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடமாக இந்த மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுவாக இருந்திருக்கிறது.

"எப்படி இருந்துச்சு தலைவரே?"

கம்பெனிக்காரப் பெண் போனில் பதிவை அழுத்தி நீட்டினாள். நிறுவனர், ஆயுட்காலத் தலைவர், மூத்த ஆராய்ச்சியாளர் ஆகிய மூவரும் கன்னத்தை உப்பினார்கள்.

"ப்பேஏஏ..."

"இல்ல," என்றார் பெயின்டரம்மா. "இன்னும் கீழ. சளி பிடிச்ச மாடு மாதிரி."

"ப்போஓஓம்."

"கிட்ட வந்துட்டீங்க தம்பி. கடைசியில ஒரு விக்கல் இருக்கும்."

"ஆமா, விக்கல்," என்றார் தலைவர். கண் பளபளத்தது. "விக்கலை மறந்தே போனேன்." கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். காலை அகட்டி நின்றார். "ப்போஓஓஓம்... க்."

பெயின்டரம்மா தலையாட்டினார். பல்செட்டுக்காரருக்குக் கைமயிர் சிலிர்த்தது. மூக்கன் அறைக்குள்ளேயே வந்து நின்றதுபோல இருந்தது, இரண்டு பக்கத்தோடும்.

"பதிவாயிடுச்சு சார். போதும்," என்றாள் கம்பெனிக்காரப் பெண்.

"போதாது," என்றார் தலைவர், மூச்சு வாங்கியபடி. "வளைவுல திரும்பறப்ப வேற மாதிரி இருக்கும். அதையும் எடுத்துக்கங்க."

"வளைவுல திரும்பினதைப் பாத்தீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டுவிட்டார்.

"பாக்கலைன்னு சொன்னேனே. கேட்டேன்."

"தள்ளி நில்லுங்கப்பா," என்றார் பல்செட்டுக்காரர். "தலைவர் மூச்சு இழுக்கட்டும்."